கழன்ற தோள்

மருத்துவம் படிக்கும் பேத்தி, பிளாஸ்டிக் தோள்பட்டையின் குழிக்குள் கையெலும்பின் உருண்டைத் தலையைத் தள்ளினாள். ‘டொக்’ என்றது. நான் ஐம்பதுகளின் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கே போய்விட்டேன்!

அன்று கரைவலை நிறைய மீன். முன்னால் நின்று இழுத்த என் தகப்பன், வாப்பா, திடீரென மணலில் சாய்ந்தார். வலத்தோளில் பள்ளம் விழுந்து, கை தொங்கியது. அவருடைய தம்பி, என் சாச்சா, அண்ணனிடம் ஓடிவந்தார்.

“காக்கா, கல்முனை ஆசுபத்திரிக்குப் போவம்!”

“மீன் போயிரும்டா! கமக்கட்டுல குதிய வெச்சுக் கைய இழு!”

சாச்சா அக்குளில் குதிகாலை ஊன்றி, மெல்ல மெல்ல இழுத்தார். ‘டொக்’! தோள் குழிக்குள் இறங்கியது. வலக்கையைச் சால்வையால் கட்டிக்கொண்டு, இடக்கையால் கயிற்றைப் பிடித்தார் வாப்பா.

“புள்ள, என்ன பாக்காய்? நீயும் புடி!”

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் வலை இழுப்பதில்லை. நான் பாய்ந்து பிடித்தேன். வலை கரையேறி மீன் துள்ளியபோது, எல்லாரையும்விட உரக்கக் கூவியது நான்தான்.