கொக்கியில் தொங்கும் மோதிரம்

மோதிரத்தைக் கழற்றிச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டால், அதன்பிறகு நேலிதாவிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எப்போதோ அந்த மோதிரம் செம்புக் கலனின் விளிம்பில் ஒரு கீறல் போட்டிருக்கிறது. கலன் குளிரில் தேறும் வரை மோதிரம் விரலுக்குத் திரும்பாது. ஏரிப் படகில் டிக்கெட் கிழிக்கும் அவர் கணவர் அன்செல்மோ, அது எங்கே என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் கைமுட்டி அளவுள்ள அழுத்தக் கலன்களைக் கசியாமல் மூடுவது நேலிதாவின் வேலை. திரவ ஹீலியத்தின் குளிரில் ரப்பர் கண்ணாடிபோல் நொறுங்கிவிடும், பசை வெடித்துவிடும். நகம் பட்டாலே தடம் விழும் இண்டியம் என்ற மெத்தென்ற உலோகம்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். அதன் கம்பியை விளிம்பில் வட்டமாக வைத்து முனைகளை ஒன்றின்மேல் ஒன்று படியவிடுவார். "ரெண்டும் கை குலுக்கணும், கட்டிப்பிடிக்கக் கூடாது" என்பார். பிறகு மூடியை வைத்து, எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். உலோகம் அமுங்க நேரமாகும் என்பதால் இடையில் ஒரு பிளாஸ்க் மத்தே இலைத் தேநீர் குடித்து முடித்துவிட்டு இரண்டாம் சுற்று.

பழைய இண்டியத்தை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி, பால் இனிப்பு வந்த டப்பாவில் சேர்த்து வைப்பார். அந்த டப்பாவைத் தொட்டவர்களுக்கு நல்ல வசவு கிடைக்கும். "மூடியாச்சு" என்ற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. "வெளிய இருக்கிறப்போ எல்லாரும் நல்ல பிள்ளைங்கதான். குளிர்ல இறக்கிப் பாரு."

சென்ற குளிர்காலத்தில் என் ஆய்வுக்கான கலனை மூடினார். ஏரிக்கரை ஊரான பரிலோச்சேயில் எங்கள் ஆய்வகத்திடம் அப்போது ஒரே ஒரு பீப்பாய் திரவ ஹீலியம்தான் இருந்தது. அடுத்தது வசந்தத்தில் வரும். என் உதவித்தொகை அதற்கு முன்பே முடிந்துவிடும். பீப்பாய் சும்மா நின்றாலும் ஹீலியம் தினமும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

அன்று இரண்டாம் சுற்றின் நடுவே கெட்டில் சீறத் தொடங்கியது. கொதித்த நீரை ஊற்றினால் மத்தே இலை கருகிக் கசந்துவிடும். எங்கள் ஊரில் அதற்கு மன்னிப்பு இல்லை. நேலிதா ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அணைத்தார். திரும்பி வந்து முறுக்கி முடித்தார். கசிவு காட்டும் கருவியின் ஊசி அசையவில்லை. குளிர்விக்க ஆரம்பிக்கலாம் என்றார் பேராசிரியர் இரிபாரன்.

"இரு," என்றார் நேலிதா. "எந்த போல்ட்ல விட்டுட்டு ஓடினேன்னு ஞாபகம் இல்ல."

"ஊசிதான் அசையலயே, நேலி. வயசாச்சா உனக்கு?"

"ஆச்சு. உன் ஊசி கதகதப்புல நின்னு சாட்சி சொல்லுது. அது உள்ள போய்ப் பாத்துச்சா?"

ஒரு பக்கம் அதிகமாக முறுக்கிய மூடி இங்கே நன்றாகத்தான் நிற்கும். குளிரில் எல்லாம் சுருங்கும்போது மறுபக்கம் விட்டுக்கொடுக்கலாம். கசிந்தால் பீப்பாய் முழுவதும் ஆவியாகிப் போய்விடும். பிரித்து மறுபடி மூடினாலோ இரண்டு நாள் போகும், அந்த நாட்களின் ஹீலியமும் போகும். நேலிதா என் பக்கம் திரும்பினார்.

"உன் ஹீலியம், பொண்ணே. நீ சொல்லு."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி இருந்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது. என் அப்பா ஜல்லி லாரி ஓட்டுகிறவர். படித்தவர்கள் நடுவே எதையும் தெரியாது என்று காட்டிக்கொள்ளாதே என்று சொல்லித்தான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். இத்தனை பேர் முன்னால் "ஞாபகம் இல்ல" என்று சொல்ல எனக்கு வருமா? இன்னும் தெரியவில்லை.

"பிரிச்சிடுங்க, நேலி" என்றேன்.

மூடியைத் தூக்கினோம். கம்பி ஒரு பக்கம் காகிதமாக நசுங்கியிருந்தது, எதிர்ப்பக்கம் பாதிதான் அமுங்கியிருந்தது. அது குளிரில் தாங்கியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. நேலிதா குச்சியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

மறுநாள் கெட்டிலின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கலனை மூடினார். மத்தே இல்லாத அந்தக் காத்திருப்பில் அன்செல்மோவில் தொடங்கி நாட்டு அதிபர் வரை எல்லோருக்கும் திட்டு விழுந்தது. அதற்கடுத்த நாள் கலனை இறக்கினோம். திரவ ஹீலியத்தின் குளிரை எட்டியபோதும் ஊசி படுத்தே கிடந்தது. பேராசிரியர் கைதட்டினார். நேலிதா கொக்கிப் பக்கம் திரும்பவே இல்லை. வெப்பநிலை இன்னும் கீழே போனால், வேறெதுவும் நுழைய முடியாத இடுக்கிலும் நுழையும் அளவுக்கு ஹீலியம் மாறிவிடும். அவர் காத்திருந்தது அதற்கு.

அங்கும் ஊசி அசையவில்லை. மிச்சமிருந்த ஹீலியம் என் அளவீடுகளில் பாதிக்குத்தான் போதும் போலிருந்தது. எந்தப் பாதியை விடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

நேலிதா கொக்கியிலிருந்து மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். கெட்டிலின் ஒயரைச் செருகினார். பிறகு அதன் மூடிமேல் கை வைத்தபடி, அது சீற விடாமல், பக்கத்திலேயே நின்று அணைத்தார்.