அலுமாரி மேலிருந்த பெட்டியும் அண்ணனின் தூண்டிலும்

இந்த நினைவு மலரை வழுவழுப்பான தாளில் அச்சடிக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அண்ணன் இருந்திருந்தால் அச்சகத்துக்காரரிடம், ஒரு தடவை படித்துவிட்டு எடுத்து வைக்கிற புத்தகத்துக்கு எதற்கு இவ்வளவு மினுக்கு என்று கட்டாயம் கேட்டிருப்பார். அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அண்ணியும் பிள்ளைகளும் என்னை எழுதச் சொன்னார்கள். அண்ணனின் நல்ல குணங்களை எழுதுவது சுலபம்தான். ஆனால் அவருக்கு நான் செய்த ஒரு தவறையும் எழுதாமல் இந்தப் பக்கங்களை முடிக்க மனம் இடம் கொடுக்கவில்லை.

யட்டவத்த பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். மலையில் மரம் வெட்டும்போது அப்பாவின் கால் முறிந்து, பிறகு அவரால் வேலைக்குப் போகவே முடியாமல் ஆனது. அப்போது அண்ணனுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, மாத்தளை பஸ் ஒன்றில் கண்டக்டராக ஏறினார். சில வருடங்களில் டிரைவர் ஆசனத்துக்கு மாறினார். அதன்பின் ஓய்வு பெறும்வரை மாத்தளையிலிருந்து வில்கமுவவுக்குப் போய்வருகிற பஸ்தான் அவருடைய உலகம்.

அந்தப் பாதையில் பஸ்கள் குறைவு. அதனால் அண்ணனின் பஸ் வெறும் பஸ்ஸாக இருக்கவில்லை. மாத்தளைக் கடைகளில் மருந்து வாங்கிப் போய் வீடு வீடாகக் கொடுப்பார். பிரசவத்துக்குப் போகிற பெண் வயல் வரம்பில் நடந்து வருவது தெரிந்தால் நிறுத்திக் காத்திருப்பார். எனக்குத் தையல் மிஷின் வந்ததும் அந்த பஸ்ஸில்தான். யாரோ விற்ற பழைய மிஷினை வாங்கி, தன் பக்கத்து ஆசனத்தில் பெரிய மனுசியை உட்கார வைத்ததுபோல் கயிற்றால் கட்டி, வழியில் யாரையும் அந்த ஆசனத்தில் அமர விடாமல் கொண்டுவந்து இறக்கினார். கல்யாணம் என்று ஒன்று நடக்காத என் வாழ்க்கையில், இன்றுவரை சோறு போடுவது அந்த மிஷின்தான்.

வில்கமுவவில் பஸ் திரும்புவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். அண்ணன் குளத்துக்கட்டுக்குப் போய்விடுவார். அங்கே வயல் வைத்திருக்கிற பண்டா ஐயா அவருக்குத் தூண்டில் கூட்டாளி. திலாப்பியாவோ விராலோ கிடைத்தால் அண்ணி வீட்டுச் சட்டிக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. மீன் சட்டிக்கு வரட்டும், அந்தத் தட்டுமுட்டுச் சாமான் மட்டும் என் கண்ணில் படக்கூடாது என்பது அண்ணியின் சட்டம். அண்ணி அவற்றைத் தொட்டதே இல்லை. இந்த விவரத்தை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்களுக்குக் கொடுப்பதில் அண்ணனுக்குக் கை நீளம். தூண்டில் சாமான் என்று வந்தால் அவரைப் போல் கருமியை மாத்தளையில் பார்க்க முடியாது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன். குளத்துப் பக்கம் போகிற நம் உறவினர்களுக்காவது பயன்படட்டும்.

தங்கூசி என்கிற நைலோன் நூலை ரீல் நிறைய அவர் புதிதாகச் சுற்றமாட்டார். அடியில் பழைய நூல், மேல்பாதியில் மட்டும் புது நூல். அடியில் கிடப்பது எந்தக் காலத்தில் தண்ணீரைப் பார்க்கப்போகிறது என்று கேட்பார். மேல் நூல் வெளுத்துச் சொரசொரப்பானால் அதைக் கழற்றி முனை மாற்றிச் சுற்றுவார். உள்ளே இருந்த நல்ல பகுதி வெளியே வந்துவிடும். நூலுக்கு வெயில்தான் எதிரி என்று பிஸ்கட் டின்னில் மூடி வைப்பார். தூண்டில் முள்ளின் கூர்முனையை நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் சின்ன அரத்தால் இரண்டு தேய். புதிது வாங்குவதெல்லாம் பிறகுதான். ஈர முள்ளைக் காய்ந்த முள்ளோடு சேர்க்கமாட்டார். பழைய ரப்பர் செருப்புத் துண்டில் குத்திவைத்து, நன்றாகக் காய்ந்தபின்தான் பெட்டிக்குள் போடுவார். பெட்டிக்குள் இரண்டு சோக்குத் துண்டுகள் கிடக்கும். அவை ஈரத்தை இழுக்குமாம். ஆசிரியையான மகளிடமிருந்து அவர் வாங்கிய ஒரே வரதட்சணை அந்தச் சோக்குத் துண்டுகள்தான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

தூண்டில் தடி வாங்கப் போகும்போது சட்டைப்பையில் கொஞ்சம் பஞ்சு இருக்கும். நூல் ஓடுகிற ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைத் தேய்த்துப் பார்ப்பார். இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அது நூலைத் தின்றுவிடும் என்று தடியைத் திருப்பி வைத்துவிடுவார். கடைக்காரர் முகம் எப்படிப் போனாலும் அவருக்குக் கவலை இல்லை. வீட்டில் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும் என்று பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டுப் படுக்கவைப்பார். ரீல் வாங்கினால் பழைய வகையிலேயே வாங்க வேண்டும், அப்போதுதான் பழையது புதியதற்கு உதிரிப்பாகமாக உதவும் என்பார். சாமான் வந்த பெட்டியையும் எறியமாட்டார். பெட்டிக்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்தோம் என்பார்.

எல்லாவற்றையும்விட ஒன்றில் மிகவும் கண்டிப்பு. ரீலின் முகப்பில் ஒரு திருகு உண்டு. பெரிய மீன் இழுக்கும்போது நூல் அறுந்துபோகாமல் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்கு அதை இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்வார்கள். தூண்டிலை எடுத்து வைக்கும் முன் அதை முழுதாகத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடி வைத்தால் உள்ளே இருக்கிற வட்டுகள் நசுங்கிக் கெட்டுவிடும். பிறகு ரீலை மெல்லிய எண்ணெயால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பிசினாக ஒட்டிக்கொள்ளும், தையல் மிஷின் எண்ணெய்தான் சரி.

அந்த எண்ணெய் என் வீட்டில் இருந்தது. மாதம் பிறந்த முதல் நாள் அண்ணன் வருவார். என் மிஷினைத் திறந்து தூசு தட்டி, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்ப்பார். போகும்போது தன் சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொள்வார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வழக்கம் ஒரு மாதமும் தவறியதில்லை.

அண்ணன் ஓய்வு பெற்ற அன்று, அவர் சொன்ன மாதிரியே பழைய வகையில் ஒரு புது ரீல் வாங்கி, பெட்டியைச் சிவப்பு நாடாவால் கட்டிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவருக்கு நான் கொடுத்த பெரிய பொருள் அது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெட்டி அலுமாரி மேல் ஏறியது. ஏறியது ஏறியதுதான். நான் போகும்போதெல்லாம் அதே சிவப்பு நாடாவோடு அங்கேயே இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் கிழமைக்கு ஒரு நாள் அதே பஸ்ஸில் பயணியாக ஏறி அவர் குளத்துக்குப் போய்வந்தார். பெட்டி மட்டும் இறங்கவில்லை. அண்ணன் என் பொருளை ஒரு நாள்கூடத் தண்ணீருக்குக் காட்டவில்லையே என்று எனக்கு மனம் கசந்தது. வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு என் ரோசம் விடவில்லை. ஏழு வருடம் அந்தக் கசப்பை வைத்துக்கொண்டே அவருக்குத் தேநீர் ஊற்றினேன்.

அவர் கடைசியாக வந்த முதலாம் தேதி, பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. அண்ணன் வாசலில் நின்று, மிஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். நான் தலை நிமிரவில்லை.

"இன்னைக்கு வேணாம்ண்ணே. எண்ணெய் அங்க இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

அண்ணன் போத்தலில் எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேநீர்கூடக் கொடுக்கவில்லை. நான் அவரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த வாரமே குளத்துக்குப் போய் வந்தவர் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் அவருடைய மூச்சு அடங்கியது. போகிறவருக்குப் பிரியமானதைக் கூட வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். அண்ணி வெற்றிலைப் பையையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்தார். சவப்பெட்டியை மூடப்போகிற நேரத்தில் நான் ஓடிப்போய் அலுமாரி மேலிருந்த பெட்டியை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன். இங்கேதான் அதைத் தொடவில்லை, அங்கேயாவது பாவியுங்கள் என்று அழுதேன். அந்த அழுகையில் பாதி கோபம். பெட்டியும் அவரோடு மண்ணுக்குள் போனது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் பஸ்ஸிலேயே பண்டா ஐயா வந்தார். ஒரு தோளில் அரிசி மூட்டை, மறு கையில் அண்ணனின் தடி. கடைசி நாளன்று சுமக்க முடியவில்லை, அடுத்த கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் அவர் வீட்டில் விட்டுப் போயிருந்தார். தடியின் அடியில் ரீல் இருக்கும் இடத்தில் ஒரு நீல உறை. எனக்கு உடனே தெரிந்தது. காற்சட்டைப் பை தைக்கிற துணியில் மிஞ்சியதைக்கொண்டு நான்தான் அதைத் தைத்தேன். ரீலை மேசைக்குக் கொண்டுவந்தால் சீருடைத் துணியில் கறை படும் என்று, அண்ணன் தாளில் அளவு வெட்டிக்கொண்டு வந்து தந்தார். அளவு கையில் வந்தால் ஆளைப் பார்க்காமல் தைத்தே பழகிய கை என்னுடையது. எந்த ரீலுக்கு என்று கேட்காமல் தைத்துக் கொடுத்தேன். பழைய ரீலுக்கு என்றே நினைத்திருந்தேன்.

பண்டா ஐயா உறையைக் கழற்றினார். உள்ளே நான் கொடுத்த ரீல். கைப்பிடியில் விரல் படுகிற இடம் தேய்ந்து பளபளத்தது. மற்ற இடமெல்லாம் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

அவர் தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் நங்கி என்று அழைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ஏழு வருசம் இதுதான் நங்கி. வேற ரீல் எடுக்கவே இல்ல. என்னையும் தொட விட மாட்டார். தங்கச்சி குடுத்தது, தங்கச்சி குடுத்ததுன்னு சொல்லிக்கிட்டே துடைப்பார்."

அப்படியென்றால் மண்ணுக்குள் போன பெட்டிக்குள் இருந்தது பழைய ரீல். உதிரிப்பாகத்துக்காக, எறியாத பெட்டியில், எறியாத நாடாவால் கட்டி வைத்திருக்கிறார். பெட்டியை ஒரு தடவை இறக்கிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். உறை தைத்தவளுக்கே சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

அண்ணன் நோயில் விழுந்த அன்று வண்டி தந்த பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் கைபிடித்து நின்ற டாக்டர்களுக்கும் தாதியருக்கும், இறுதி ஊர்வலத்துக்காக ஓட்டத்தை நிறுத்தி வந்த வில்கமுவ பஸ்காரர்களுக்கும், தோட்டத்தில் குழி வெட்டிய தம்பிமாருக்கும், காரியத்துக்குச் சமைத்த அயலவர்களுக்கும், தடியைச் சுமந்து வந்த பண்டா ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டுத் திதி முடிந்ததும் அந்தத் தடியும் ரீலும் பண்டா ஐயாவிடமே போகின்றன. பாவிக்காமல் வைப்பதற்கு அண்ணன் சம்மதிக்கமாட்டார்.

கொடுக்கும் முன் நானே துடைத்து வைக்கலாம் என்று நேற்று ரீலைக் கையில் எடுத்தேன். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. நெஞ்சு வலியோடு குளக்கட்டில் இருந்து எழுந்த மனிதர் முகப்புத் திருகை முழுதாகத் தளர்த்தியிருக்கிறார். இடுக்குகளில் எண்ணெய் இன்னும் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேநீர்கூடக் கொடுக்காமல் நான் அனுப்பிய அன்று, என் வீட்டிலிருந்து அண்ணன் எடுத்துப்போன எண்ணெய்.