குவாங்சோவில் அப்பாவின் பெயர்

குவாங்சோவுக்கு முதன்முறை போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், எங்கள் வரிசை வீடுகளில் சீனாவுக்குப் போய்வந்தவள் நான்தான். விடுதி முகவரியைச் சீன எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் செயலியை இங்கேயே கைபேசியில் ஏற்றிவிடுங்கள். கழிவறைக்குக் காகிதம் கொண்டுபோங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்து விடாமல் எழுதுங்கள்.

கடைசி யோசனைக்கு மட்டும் காரணம் சொன்னதில்லை.

அப்பாவுக்கு ஈரலில் கட்டி. அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் இணையம் வழி நான்தான் பதிவு செய்தேன். தோட்டத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எல்லாருடைய படிவங்களையும் நானே நிரப்புவேன். அதில் எனக்குப் பெருமை. இன்னாரின் மகன் என்பதற்கு எங்கள் பெயர்களின் நடுவே ‘ஏ/எல்’ என்று வரும். அந்தச் சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை. திரும்பத் திரும்பச் சிவப்பில் பிழை காட்டியது. அதையும் அதன் பின்னால் இருந்த தாத்தாவின் பெயரையும் நீக்கினேன். ஏற்றுக்கொண்டது.

மருத்துவமனை முகப்பில் இருந்த பெண், பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இது வேறு ஆள் என்றாள். என் ஆங்கிலமும் கைபேசி மொழிபெயர்ப்பும் அவளிடம் எடுபடவில்லை. ஈப்போ டயர் கடையில் சீனர்களோடு முப்பது வருஷம் பேசிய காண்டனீஸில் அப்பா ஏதோ சொல்லப் போனார். குவாங்சோவின் பழைய பேச்சும் அதுதான்.

“சும்மா இருங்கப்பா, நான் பாத்துக்கிறேன்.”

அரை மணி நேரம் கழித்து அவரே பேசினார். உள்ளே உட்கார்ந்திருந்த வயதான ஊழியருக்கு அது புரிந்தது. சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார். ஆனால் அதற்குள் எங்கள் முறை போய்விட்டது. அடுத்தது நான்கு நாள் கழித்து.

வெளியே வந்ததும் படிவத்தில் என்ன எழுதினாய் என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

“எங்கப்பா பேர எடுத்துட்டியா?”

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். இந்த உடம்பு மருந்தைத் தாங்காது, தேறிய பிறகு வாருங்கள் என்றார் மருத்துவர். தாமதத்தால்தான் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“வீட்டுக்குப் போலாம்லா,” என்றார் அப்பா.

ஊர் வந்து ஏழு வாரத்தில் இறந்துபோனார். இறப்பைப் பதிய அண்ணனுடன் அலுவலகம் போனேன். அண்ணன் வழக்கம்போல் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் வாங்கவில்லை. முகப்பில் இருந்தவரையே எழுதித் தரும்படி கேட்டோம்.