நின்றால்தான் இடிக்கும்

தமியானாவுக்கு மருந்துக்கடை என்றாலே வேப்பங்காய். ஆனால் அவள் அண்ணன் வாஸ்ஃபி கறாராகச் சொல்லிவிட்டான். அவள் செய்யும் வீடியோ விளையாட்டு வியாழனுக்குள் தேறாவிட்டால், சனிக்கிழமையிலிருந்து அவனுடைய மருந்துக்கடையில் வந்து நிற்க வேண்டும்.

விளையாட்டு சின்னதுதான். ரொட்டி அடுக்கிய பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் கெய்ரோவின் ஃபைசல் தெருவைக் கடக்க வேண்டும். படம் வரைந்தவன் நான். விதியெல்லாம் அவள் மூளை.

செவ்வாயன்று அதை ஒரு பெட்டியில் பொருத்தி, நாங்கள் வேலை செய்யும் அறைக்குக் கீழே, ஃபைசல் தெருவோரமாக இருந்த ஹாஜ் பயூமியின் காபிக்கடையில் வைத்தோம். முதல் ஆட்டம் அவருக்கு. மனிதர் பச்சை விளக்குக்குக் காத்திராமல் நேரே தெருவில் இறங்கினார். முதல் காரே அடித்துப் போட்டது. ஐந்து முறையும் அதே கதைதான்.

"இந்த டிரைவருங்க எந்த ஊருக்காரனுங்க, இன்ஜினியரம்மா?"

"சிக்னலப் பாருங்க ஹாஜ். பச்சை வந்தப்புறம் போகணும்."

"சிக்னலா? ஃபைசல் தெருவுலயா?" கடையே சிரித்தது. "நாப்பது வருஷமா இந்த ரோட்டத் தாண்டுறேன், ஒரு காரும் என்னத் தொட்டதில்ல. உன் பொட்டியில அஞ்சு தடவ செத்துட்டேன்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. தமியானாவோ வாசலில் போய் நின்று தெருவையே பார்த்தாள். ரொட்டிக்காரன் ஒருவன் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டியபடி ஒரே நடையாகப் போனான். கார்கள் அவனைச் சுற்றி வளைந்து போயின. ஓடினவர்களுக்கும் நடுவில் தயங்கினவர்களுக்கும்தான் பிரேக் சத்தமும் வசவும்.

"இந்த ஊர்ல பொறந்துட்டு சிக்னல வச்சு ஆட்டம் பண்ணியிருக்கேன் பாரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டே நாளில் எல்லாவற்றையும் மாற்றினாள். விளக்கு போயிற்று. சீராக நடந்தால் கார் விலகும், நின்றாலும் ஓடினாலும் இடிக்கும். பொத்தானை அழுத்திக் கையைத் தாழ்த்தினால் ஒரு வண்டி வேகம் குறைக்கும், அதுவும் மூன்று தடவைதான்.

வியாழன் மாலை வாஸ்ஃபி முடிவைப் பார்க்க வந்தபோது பெட்டியைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் கூட்டம். பயூமி ஒரு ரொட்டிகூடச் சிந்தாமல் அக்கரை சேர்ந்துவிட்டு, எல்லாருக்கும் டீ போடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாஸ்ஃபியையும் பிடித்து ஆடவிட்டார்கள். பயந்துபோய் நடுவில் நின்றான், இடிபட்டான்.

"நிக்காதீங்க டாக்டர், நடங்க," என்றது கூட்டம். மருந்துக்கடைக்காரரும் இந்த ஊரில் டாக்டர்தான்.

எட்டாவது தடவை கடந்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. மறுபடியும் வரிசையில் போய் நின்றுகொண்டான். மருந்துக்கடையிலிருந்து கைபேசி அடித்தது.

"இதோ வரேன். தமியானாவா? அவளுக்கு இங்க வேலை இருக்கு. நம்ம கடைக்கு வேற ஆளப் பாக்கலாம்."