நல்லம்மாளின் வாயில் எலுமிச்சம்பழம்

நல்லம்மாள் ஈப்போ நகரத்துச் சிலிபினில் நின்று ஒரு சத்தம் போட்டால், பத்து காஜா ஊர்ச் சிறையில் இருக்கிற கைதிகள் எல்லாரும் எழுந்து வரிசையில் நிற்பார்களாம். சொல்வது அவளேதான். “சரி லா, கைதிங்க நிக்க மாட்டானுங்க. எங்க டோபிக் கடை முதலாளி மட்டும் நிப்பாரு” என்று அடுத்த மூச்சிலேயே இறங்கியும் வருவாள்.

அந்த டோபிக் கடையில்தான் அவள் இஸ்திரி போடுகிறாள். ஓட்டல் மேசைத்துணி, மாப்பிள்ளைச் சட்டை, போலீஸ்காரர் கால்சட்டை எல்லாம் அவள் சொன்னபடி மடங்கும். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். குமரியாக இருந்தபோது ஒரு காலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் மரத்தடியிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். கங்காணி அவளைப் பார்க்காமல், கொட்டிப்போன பாலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி, கூட்டி, குறைத்து, கடைசியில் காலையில் ஒரு கேப்சூல், இரவில் ஒரு கேப்சூல் என்று நிலைத்தது. அதன்பின் பல வருஷம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டினாள். கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைப் பயமில்லாமல் பிடித்தாள்.

தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. லயங்கள் போய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருஷா வருஷம் தீமிதிக்குப் பழைய சனங்கள் ஈப்போவிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் வந்து கூடுவார்கள். கோயில் தலைவன் கனகராஜ், நல்லம்மாளின் கணவர் உடையப்பனுடைய தம்பி. இந்த வருஷம் பால்குடம் எடுப்பதாக நல்லம்மாள் வேண்டியிருந்தாள். அவளுக்குக் காப்புக் கட்டி முடித்ததும் கனகராஜ் கைப்பேசியை நீட்டினான்.

“அண்ணி, இதப் படிங்க. அந்தக் கேப்சூல் கூடு மாட்டு எலும்புலதான் செய்றானாம். கையில காப்பு, வயித்துல மாடா?”

“ஒரு வாரந்தான, நல்லம்மா. இத்தன வருஷம் வராதது இப்பவா வரப்போவுது? ஆத்தா பாத்துக்குவா” என்றார் உடையப்பன்.

கைப்பேசியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் காப்புக் கட்டிய கையால் அதை எடுத்து விழுங்க மனம் வரவில்லை. அன்றிரவு கேப்சூலைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை.

பால்குட ஊர்வலம் கோயில் வாசலைத் தொட்டது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம். கண் விழித்தபோது வாய்க்குள் ஒரு முழு எலுமிச்சம்பழம் திணிக்கப்பட்டிருந்தது. கையில் இரும்புச் சாவிக்கொத்து. முன்பல் ஒன்று உடைந்து உதட்டில் ரத்தம். புடவை நனைந்திருந்தது, அது பாலால் மட்டும் நனைந்ததல்ல. காலடியில் பெண்கள் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை மறுநாள் யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்தாள். அவள் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறாள். சுற்றிலும் உடுக்கை அடிக்கிறார்கள். கற்பூரத்தை முகத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறார்கள். ஒருத்தி குனிந்து, “தாயே, எம்மவளுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?” என்று கேட்கிறாள். மூச்சு முட்டி நல்லம்மாளின் தொண்டை கரகரக்கிறது. “உறுமுறா பாரு, உறுமுறா!” என்று கூட்டம் குலவை போடுகிறது. ஒருவர்கூட அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் போடவில்லை. வீடியோவை அவள் மறுபடி மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னொரு முகத்தை அடையாளம் கண்டுபிடித்தாள்.

சாயங்காலம் கனகராஜ் பழத்தட்டோடு வந்தான்.

“அண்ணி, ஆத்தா இத்தன வருஷமா உங்கமேல வரப் பாத்திருக்கா. மாத்திரைதான் வழிய மறிச்சிருக்கு. இனிமே அதத் தொடாதீங்க. வெள்ளிக்கிழம கோயில்ல அருள்வாக்கு. எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

“எங்கிட்ட சொன்னியாடா?”

பழத்தட்டு வாசலுக்குப் பறந்தது. பின்னாலேயே கனகராஜும் போனான்.

அடுத்த நாள் காலையிலேயே ஷாஹிஸ்தா வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள், அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவள்.

“மாட்டு எலும்புன்னு சொல்றது நெசமா, பொய்யா?”

“நெறைய கேப்சூலுக்குக் கூடு மாட்டுலருந்துதான் வருதுக்கா. எங்க சனங்களும் ஹலாலான்னு கவுண்டர்ல வந்து கேப்பாங்க. நீங்களும் கேட்டிருந்தா, வேற மாதிரி மருந்து ஒத்துக்குமான்னு டாக்டரு பாத்திருப்பாரு. கேக்காம பட்டுன்னு நிறுத்துனீங்க பாருங்க, அதுதான் ஆபத்து. இப்பவும் நீங்களா ஆரம்பிக்காதீங்க. வாங்க, டாக்டரப் பாக்கலாம்.”

டாக்டர் ரத்தம் எடுத்தார், மருந்தை மறுபடி எழுதினார். மோட்டார் ஓட்டக் கூடாது, இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது, மறுபடி தாம் சொல்லும்வரை என்றார். நல்லம்மாள் வீட்டுக்குள் நுழைந்ததும் மோட்டார் சாவியை மேசையில் விட்டெறிந்தாள். அவள் அப்படி வந்ததைப் பார்த்து உடையப்பன் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஷாஹிஸ்தாவின் காரில் தோட்டத்துக்குப் போனாள். கோயில் கொட்டகை நிரம்பியிருந்தது. மடியிலெல்லாம் எலுமிச்சம்பழம். அவளுக்காக மஞ்சள் துணி விரித்த நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

“எவடி என் வாயில பழத்த வச்சவ?”

கொட்டகை நடுங்கியது. “ஆத்தா வந்துட்டா!” என்று யாரோ கைகூப்பினார்கள்.

“ஆத்தா வரல! நாந்தான் வந்திருக்கேன், நல்லம்மா!”

“தன்னைய மறைச்சுப் பேசுறா தாயி” என்று பின்னால் ஒருத்தி விளக்கம் சொன்னாள்.

“மறைக்கிறதுக்கு என்னாடி இருக்கு? எனக்கு வலிப்பு நோவு. அந்தப் பழம் தொண்டையில சிக்கியிருந்தா, நாக்கு வெளிய தொங்கிப் பொணமாக் கெடந்திருப்பேன். அப்பவும் நீங்க கல்யாணந்தான் கேட்டிருப்பீங்க! டேய் கனகராஜு, எந்திரி. நான் விழுந்தா என்னா செய்வ? சொல்லு.”

கனகராஜ் எழுந்தான். “தண்ணி குடுத்து…”

“ஒண்ணும் குடுக்கக் கூடாது! வாய்க்குள்ள ஒரு சாமானும் போவக் கூடாது! கையக் கால அமுக்கிப் பிடிக்காத. தலைக்கடியில ஒரு துணிய வை. ஒருக்களிச்சுப் படுக்கப் போடு. கடியாரத்தப் பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டுனா ஆம்புலன்ஸக் கூப்புடு. சொல்லுடா!”

அவன் சொன்னான். நடுவில் தடுமாறியதால் அவள் மறுபடி சொல்ல வைத்தாள். அவன் சொல்லச் சொல்லக் கூட்டமும் கூடவே முணுமுணுத்தது.

“எனக்கு வர்ற ஆத்தா மாத்திர போட்டாலும் வருவா. மாத்திரைய நிறுத்தச் சொல்றவன் இனி என் வாசப்படிய மிதிக்கக் கூடாது.”

“மன்னிச்சுக்குங்க அண்ணி” என்றான் கனகராஜ். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். “இனிமே நானே போன் பண்ணி ஞாபகப்படுத்துறேன். ஆனா ஒரு வேள மறந்து போச்சுன்னா என்னா செய்றது?”

கோபத்தின் வேகத்தில் இருந்தவளுக்கு யோசிக்க நேரமில்லை. “அடுத்த வேளைக்கு ரெண்டாப் போட வேண்டியதுதான்!” என்று முழங்கினாள். கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வேலியோரம் காரில் சாய்ந்து நின்றிருந்த ஷாஹிஸ்தா கையைத் தூக்கினாள்.

“அக்கா, ரெண்டாப் போடவே கூடாது. ஞாபகம் வந்ததும் அந்த ஒண்ணப் போட்டுக்கணும். அடுத்த வேள நெருங்கிருச்சுன்னா, விட்டதை விட்டுட்டு, அடுத்தது ஒண்ணு மட்டும். சந்தேகமா இருந்தா எங்கள வந்து கேக்கணும்.”

“கேட்டியாடா கனகராஜு? நான் சொன்னத விடு, இப்ப இதச் சொல்லு!” என்றாள் நல்லம்மாள்.