ஸ்னோவுக்கு முதல் நேராக ஓட வேண்டிய கார்

பழைய கார் திருத்துகிறவனுக்கு ஸ்பானரும் வேண்டும், வாயும் வேண்டும்; இரண்டில் வாய்தான் சீக்கிரம் தேயும். தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், மொன்றியல் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் எனக்கு இரண்டு கார் நிற்கிற அளவில் ஒரு கராஜ் இருந்தது. பட்டம் எடுத்து வந்த தொழில் இல்லை. டவுன்டவுன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு ஒரு மெக்கானிக்கிடம் ஏச்சு வாங்கிக் கற்றது. அந்த ஏச்சில் பாதியையாவது பிறகு வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேன். பழைய கார் வைத்திருந்தோ, திருத்தியோ அவதிப்பட்டவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள் பஸ்ஸில் போகிற புண்ணியவான்கள்.

பெட்டியில் வந்த ஸ்டியரிங்

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற புரோசார்டில் இருந்து டொக்டர் ராகவன் வந்தார். சென்னைக்காரர், எலும்பு வைத்தியர். கொண்டுவந்தது அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், மூடியைத் திறந்தால் கப்பலுக்குப் போடுகிற மாதிரி ஒரு எஞ்சின். பின்சீட்டில் இரண்டு பெட்டி. ஒன்றில் ரேஸ் காருக்கான சின்ன ஸ்டியரிங் வளையம், மற்றதில் காரைத் தரையோடு பதித்துவிடும் கட்டை ஸ்பிரிங் நாலு. "இதை மாட்டினா வண்டி அப்படியே ரோட்டைக் கவ்வும்னு சொன்னாங்க, சிவம்" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். ரோட்டைக் கவ்வுவது இருக்கட்டும், தான் ரோட்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்றே அந்தக் காருக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் இழுத்தது, திருப்பினால் வலப்பக்கம் பாய்ந்தது. ஷாம்ப்ளேன் பாலத்தில் காற்றடித்த ஒரு நாள் பக்கத்து லேனுக்கே போய்விட்டதாம். அன்று கூட இருந்தவர் அவர் மனைவி மைதிலி, டவுன்டவுனில் யூனிவர்சிற்றி மாணவருக்குக் கணக்குப் படிப்பிக்கிறவர். அதன்பிறகு அவர் அதில் ஏறியதே இல்லை. இப்போதும் தன் காரில் தனியாகப் பின்னால் வந்து, கராஜ் வாசலிலேயே நின்று சொன்னார்: முதல் ஸ்னோ விழுவதற்குள் இது நேராக ஓட வேண்டும், இல்லாவிட்டால் தானே பேப்பரில் விளம்பரம் கொடுத்து விற்றுவிடுவாராம். டொக்டரின் முகம் தையல் பிரிந்த மாதிரி ஆனது. எனக்குச் சூடேறிவிட்டது. "ஸ்னோவுக்கு முதல் நேராக்கித் தருவன்" என்று வார்த்தையை விட்டேன்.

"சரி, தேதி போட்டு எழுதி வச்சுக்கறேன்" என்றார் மைதிலி.

எலும்பு வைத்தியர் காருக்கு அடியில்

என்னோடு வேலை செய்த தங்கராசா அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டினார். நாலு விரல் அகலம் திருப்பியும் சில்லு அசையவில்லை. டொக்டரோ, அந்தச் சின்ன வளையத்தை முதலில் போடுங்கள் என்று நின்றார். "நெஞ்சு நோவெண்டு வந்தவனுக்கு முதல் பவுடர் பூசுறனீங்களோ, டொக்டர்?" என்று கத்திவிட்டேன். அண்ணை காலில் மிதித்தார்.

கத்தியதோடு விடவில்லை. காரை உயர்த்தி, டொக்டரை அடியில் கூட்டிப்போனேன். சில்லைத் தாங்கித் திருப்ப விடுகிற உருண்டைத் தலை மூட்டு ஒன்றை, 'போல் ஜொயின்ற்' என்பதை, கம்பியால் நெம்பிக் காட்டினேன். பல் விழப்போகிற மாதிரி ஆடியது. ஸ்டியரிங் தண்டுகளின் மூட்டும் அப்படியே. மூட்டுகளுக்கு மெத்தையாக இருக்கிற றபர் புஷ் எல்லாம் பிஸ்கட்டாக உதிர்ந்தது. அட்டையில் எழுதினேன்: முதல் தேய்ந்த மூட்டுகளும் புஷ்களும். இரண்டாவது குலுக்கலைத் தாங்குகிற முன் ஷொக். மூன்றாவது ரயர். நாலாவது காரைச் சரிய விடாத குறுக்குக் கம்பி. பின் ஷொக் பேந்து, அதாவது ஆறுதலாகப் பிறகு. கட்டை ஸ்பிரிங்கும் சின்ன வளையமும் அட்டையின் மற்றப் பக்கத்தில்.

டொக்டர் கையுறை கூடப் போடாமல் மூட்டைப் பிடித்து ஆட்டினார். இடுப்பு மூட்டும் இதே வடிவம்தானாம்.

"இந்த மூட்டோட ஒரு ஆள் வந்தா, நான் அவரை பாத்ரூமுக்குக்கூட நடக்க விடமாட்டேனே!"

மூன்று தரம் வாசல்

கார்ச் சாமான் விற்கிற றெயால் என்பவன் பிரெஞ்சு பேசுகிற கியூபெக்காரன். பேரம் பேச வந்தவனுக்குக் கோப்பி கொடுத்து உட்காரவைத்துத்தான் தோலை உரிப்பான். முன்பக்கம் முழுவதற்கும் ஒரே செட்டாகத்தான் தருவேன், ஸ்பிரிங்கும் சேர்த்து என்றான். ஸ்பிரிங் வேண்டாம், பெட்டியை உடை என்றேன். பெட்டி உடைத்தால் மிச்சத்தை யாருக்கு விற்பது என்றான். உன் தலையில் கட்டிக்கொள் என்று தமிழில் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். கூப்பிட்டான். திரும்பி வந்தேன். இப்படி மூன்று தரம்.

கடைசியில் அவன் தாயாருடைய காரின் சைலன்சரை நான் மாற்றிக் கொடுப்பது, அவன் பெட்டியை உடைப்பது என்று முடிந்தது. பேரத்தில் நான் விட்டுக்கொடுத்தது ஒரு சனிக்கிழமை மட்டும். பெட்டியை உடைத்தபடி தன் பிரெஞ்சில் சொன்னான்:

"மெஸ்யூ, அடுத்த தரம் கோபித்துக்கொண்டு போகும்போது கதவைச் சாத்துங்கள், சூடெல்லாம் வெளியே போகிறது."

ஆறு மூட்டை அரிசி

ஒக்டோபர் கடைசியில் அட்டையின் முதல் நாலும் முடிந்தது. சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்து நானே ஓட்டினேன். நூல் பிடித்த மாதிரிப் போனது. டொக்டர் சிரித்தபடி கொண்டுபோனார். அடுத்த நாள் விடிய டெலிபோன்: "பாலத்துல திரும்பவும் மிதக்குது, சிவம்! என்ன வேலை செஞ்சீங்க?"

வரச்சொல்லி டிக்கியைத் திறந்தால் ஆறு மூட்டை அரிசி, ஒரு பெட்டி தேங்காய். மூன்று வீட்டுக்குச் சேர்த்துத் தமிழ்க்கடையில் வாங்கியதாம். காரின் பின்பக்கம் குந்த, மூக்கு வானத்தைப் பார்த்தது. முன் சில்லில் பாரமே இல்லாவிட்டால் எந்த ஸ்டியரிங் பிடிக்கும்? "இது லொறியெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று நான் துள்ள, டொக்டரும் துள்ள, இரண்டு பேருக்கும் நடுவில் தங்கராசா அண்ணை புகுந்தார். அவர் ஏசியது என்னை.

"நீ வெறுங்காரை வைச்சு அளந்தாய். எங்கட சனம் எப்பவடா வெறுங்காரில போனது?"

கேட்கக்கூடாத எடை

அண்ணை சொன்னது சரி. அட்டையை எடுத்து வரிசையை வெட்டி மாற்றி எழுதினேன். பேந்து என்று எழுதிய பின் ஷொக்கும், கொஞ்சம் தடித்த பின் ஸ்பிரிங்கும் மேலே வந்தன. அவை போட்டதும் டிக்கியில் அரிசியை வைத்தே அலைன்மென்ட் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். முன்சீட்டிலும் ஆள் பாரம் வேண்டும். டொக்டர் தன் எடையைச் சொன்னார். "மிஸிஸ்?" என்றேன். மனுசன் கூரையைப் பார்த்தார். இருபது வருசக் குடித்தனத்தில் கேட்டதில்லையாம், இனியும் கேட்பதாக இல்லையாம்.

பின்பக்கம் மாட்டி முடித்த அன்று றேடியோவில் வார முடிவில் ஸ்னோ என்றார்கள். நானே மைதிலிக்கு டெலிபோன் எடுத்து எடையைக் கேட்டேன். "நம்பர் தர மாட்டேன், நேர்ல வரேன்" என்றார் மைதிலி. வந்தார். சோதனைத் தாள் கட்டோடு முன்சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அலைன்மென்ட் மேடையில் ஒரு மணித்தியாலம் தாள் திருத்தினார். பக்கத்தில் டொக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அடியில் நான் ஒரு நூல் அளவுக்கும் மல்லுக்கட்டினேன். முடிந்ததும் இறங்குவார் என்று பார்த்தேன். இறங்கவில்லை. "பாலத்துக்குப் போங்க" என்றார். டொக்டர் ஓட்ட, நான் பின்சீட்டில் கால் மடக்கி ஏறினேன்.

பாலத்தில் நல்ல காற்று, ஸ்னோ மட்டும் இன்னும் விழவில்லை. பக்கத்தில் ஒரு பார லொறி உரசுகிற மாதிரிப் போனது. கார் அசையவில்லை. மைதிலியின் கை கதவைப் பிடிக்கவில்லை. சிவப்புப் பேனை தாளில் ஓடிக்கொண்டே இருந்தது. டொக்டர்தான் நடு வழியில் இரண்டு தரம் அவரைத் திரும்பிப் பார்த்தார். அக்கரை வந்ததும் மைதிலி பேனையை மூடினார்.

"விளம்பரம் வேண்டாம். வண்டி ரோட்டைப் பார்த்துத்தான் போகுது. இவரையும் ரோட்டைப் பார்க்க வைக்க ஒரு அட்டை போடுங்க, சிவம்."

பழைய காரில் எதை முதலில் திருத்துவது என்று எனக்கு எப்போதும் தெரியும், அதைச் சொந்தக்காரருக்கு விளங்கவைத்து முடிப்பதற்குள்தான் இந்த ஊரில் ஸ்னோ விழுந்துவிடுகிறது.