கோழி இருந்த கூடை

அதைத்தான் நானும் சொல்கிறேன். மூலை வீட்டுக்காரி பேத்திக்கு வைத்திருக்கிற பெயரைக் கேட்டாயா? மறுபடியும் நம் ஆயா பெயர்தான்! உலகத்தில் வேறு பெயரா இல்லை? சிரிக்காதே. சித்தப்பா மகளாயிற்றே என்று உன்னைச் சும்மா விடுகிறேன். அந்தப் பெயரால் நாம் பட்ட பாடு உனக்கு மறந்துபோயிருக்கலாம். உன் கோழியை நான் மறக்கவில்லை.

பருத்தி வலையை விட்டுவிட்டு எல்லோரும் நைலான் வலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இருந்த வலையும் புயலில் போயிற்று. வீட்டுக்கு ஒரு நைலான் வலை தருவார்கள் என்று பொன்னேரி தாலுகா ஆபீசிலிருந்து செய்தி வந்தது. உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஆம்பிளைகள் இருந்தார்கள், எப்படியோ சமாளித்திருப்போம். பெரியப்பா மகளுக்கு யார்? புருஷனை ஏரி முகத்துவாரத்தில் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வலை மட்டும் இருந்தால் போட்டு இழுத்துப் பாதி மீன் தருகிறேன் என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். இல்லாவிட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திருப்பாலைவனத்துக்கு நாற்று நடப் போகவேண்டியதுதான். ஏரித் தண்ணீரிலேயே வளர்ந்தவள். சேற்றுவயல் என்றாலே அவளுக்கு அழுகை வந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு பொம்பளை பெயர் எழுதிக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். குடை, கால்சட்டை, கக்கத்தில் அட்டை. காலையில் மீன் இறக்கும் கரையில் நின்று, “யாரும்மா நீ?” என்றார். ஊரே கூப்பிடுகிற பட்டப்பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அப்புறம் கிணற்றடிக்கு வந்தார். குடத்தை இடுப்பில் வைத்தபடி, என் மூத்த மகன் பெயரைச் சொல்லி, அவனுடைய அம்மா என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்போதுதான் எனக்கு வைத்த ஆயா பெயரைச் சொன்னேன். கேட்ட மனுஷனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? குப்பம் முழுக்க இப்படித்தான் மரியாதையாக நடந்துகொண்டது.

மறு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா இது? இருக்கறது ஒரு கைப்பிடி குடிசை. பேரப் பாத்தா ஒரு டவுனே கீது! மேல இருக்கறவரு என்னைப் புடிச்சி திட்றாரு.”

பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, பட்டப்பெயரையெல்லாம் அடித்தார். இன்னாருடைய அம்மா, இன்னாருடைய அக்கா எல்லாவற்றையும் அடித்தார். சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ஒரே பெயர் இரண்டாவது தடவை வந்தால் அதையும் அடித்தார். அங்கேதான் நம் தலையில் கை வைத்தார். என் நைனாவும், உன் நைனாவும், பெரியப்பாவும் ஆளுக்கு ஒரு தலைச்சன் பெண்ணைப் பெற்று, மூன்றுக்கும் தங்கள் அம்மா பெயரையே வைத்தார்களே! முதலில் நின்றது என் பெயர். உன்னுடையதும் அவளுடையதும் போயிற்று.

“ஒரே பேரு மூணு வாட்டி கீது. ரெண்ட எடுத்துட்டேன்” என்றார்.

“நீ எடுத்தது பேரு இல்ல சார், ரெண்டு பொம்பளைங்க!” என்று கத்தினேன்.

“அப்ப வூட்டுக்காரர் பேர ஆளாளுக்கு சொல்லுங்க. பிரிச்சி எழுதறேன்.”

யார் சொல்வது? அந்தக் காலத்தில் புருஷன் பெயர் வாயில் வருமா? நீ வேல் பிடிக்கிறமாதிரி கையை வைத்துக் காட்டினாய். நான் நெற்றியில் நாமம் இழுத்துக் காட்டினேன்.

“யாருக்கும்மா போட்ற நாமம்? எனக்கா?”

“நைனா பேரு சொல்றோம் சார். அதுக்குத் தடையே இல்ல.”

“அதுக்கு இதுல எடம் இல்ல!”

மண்டையை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது, எனக்கும் அவருக்கும். பெரியப்பா மகள் எழுந்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். அவளுடைய பங்குக் கூடையை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

“பேரு வேணாம் சாமி. இத எண்ணு. எம் புருசன் போயும் இந்தக் கூடைய யாரும் எடுக்கல. நீ எடுத்துடுவியா?”

உனக்குத் தெரியாததா? ஊர் கூடி ஒரே வலையாக ஊர்வலை இழுத்த நாளில் தனி அடுப்பு எரிகிற வீடு ஒவ்வொன்றும் ஒரு கூடையை மணலில் வைக்கும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூடைக்கு ஒரு பங்கு. எனக்கு எத்தனை பெயர் இருந்தால் என்ன, கூடை ஒன்றுதான். நமக்கு ஒரே பெயர் இருந்தால் என்ன, கூடை மூன்று.

அந்த மனுஷன் கூடைக் கணக்கை நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எழுந்து, “எல்லாரும் வைங்க. ஒரே நேரத்துல, ஒரே வரிசையா” என்றார். குப்பமே கூடையோடு ஓடிவந்தது. குடையை ஊன்றிக்கொண்டு எண்ணினார். வரிசையில் நீ நின்ற இடத்துக்கு வந்தவர் நின்றார். அங்கே இரண்டு கூடை. ஒன்று கவிழ்ந்திருந்தது. அது நகர்ந்தது! குடை முனையால் தூக்கினார். உள்ளே உன் அடைகோழி, இறக்கையை விரித்துக்கொண்டு அவர் மேலேயே பாய்ந்தது.

“இந்தக் குடும்பத்துக்கு றெக்கைகூட கீதா?”

“ஒண்ண அடிச்சா இன்னொண்ணாவது நிக்கட்டும்னு வெச்சேன் சார்” என்றாயே! ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உன் கோழியால் கோபம் வந்து எல்லாக் கூடையையும் பொய் என்றுவிட்டால் பெரியப்பா மகள் கதி? அவள் உன் தலைமுடியைப் பிடிக்கப் போனாள், நான்தான் தடுத்தேன்.

அவர் கோழிக் கூடையைக் காலால் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். வீட்டு எண்ணிக்கையும் கூடையும் சரியாக வந்தது. அவள் கூடைக்கு எதிரே நின்று அவளைப் பார்த்தே ஒரு வீடு என்று எழுதினார், பெயர் கேட்கவில்லை.

வலை வந்தது. பச்சை வலை, முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாசம். கொழுந்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். முதல் தடவை வலை போட்டதில் விழுந்த மடவை மீனை அவள் அதே கூடையில் எனக்குக் கொண்டுவந்தாள். உனக்குக் கொடுக்கவில்லை. கோழிக்கு மீன் எதற்கு என்றாள். பாவம், மறுநாள் கொடுத்துவிட்டாள். இப்போது மூலை வீட்டுக்காரி மறுபடியும் அதே பெயரை... அடச்சே, காக்கா! காயப்போட்ட சென்னாக்குன்னி இறால் மேலே ஒரு கூட்டமே இறங்கிவிட்டது. எழுந்திரு, அந்தக் கோலை எடு, நீ அந்தப் பக்கம் ஓட்டு!